இலவச வைத்தியமும் கூட நிற்க ஆளில்லாத பொடியனும்

இலங்கையில் அரச ஆஸ்பத்திரிக்குப் போனால் கட்டிலுக்குக் காசில்லை, டொக்டருக்குக் காசில்லை, ஒப்பரேஷனுக்கும் காசில்லை. தலைமுறை தலைமுறையாக நாம் அனுபவித்து வரும் பெரிய கொடை அது. அப்படியிருந்தும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் யாராவது ஒரு இளைஞனின் படத்தோடு “அவசர சத்திரசிகிச்சைக்கு உதவுங்கள்” என்ற செய்தி அடிக்கடி வருகிறது. “தாய் தகப்பன் இல்லாத பிள்ளை” என்ற வரியும் சிலவற்றில் இருக்கும். ஆஸ்பத்திரி இலவசமென்றால் இந்தக் காசு எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

காசு எங்கெங்கே போகிறது என்று பிரித்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். நம்முடைய இலவச வைத்தியம், நோயாளிக்குப் பின்னால் ஒரு குடும்பம் நிற்கும் என்று எடுத்துக்கொண்டுதான் ஓடுகிறது. எந்தச் சட்டத்திலும் அப்படி எழுதவில்லை. ஆனால் வாட்டுக்குள் போனதும் முதலில் கேட்பது “கூட வந்த ஆள் ஆர்?” என்பதுதான். ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்துக்குத் துண்டு எழுதினால், அதைப் பாமசிக்குக் கொண்டு ஓடுவது அந்த ஆள். உள்ளே செய்ய முடியாத ஒரு பரிசோதனைக்கு இரத்த மாதிரியை வெளி லாப்புக்குக் கொண்டுபோய், பின்னேரம் ரிப்போட்டை வாங்கி வருவதும் அவர்தான். சோறு கொண்டு வருவது, துணி மாற்றுவது, டொக்டர் வரும் நேரம் பார்த்து நின்று என்ன சொல்கிறார் என்று கேட்பது, கொழும்புக்கு மாற்றினால் கூடப் போவது என்று எல்லாம் அவர் தலையில்தான். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த காலத்தில் ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. நாம் பாவிக்கும் மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி என்பதால், டொலர் இல்லையென்றால் மருந்தும் இல்லை. அன்று துண்டை எடுத்துக்கொண்டு ஓட ஆளிருந்தவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். ஆளில்லாதவன் துண்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

குடும்பமே இல்லாத இளைஞர்கள் நம் பக்கத்தில் அப்படி எத்தனை பேர் என்று யாரும் நினைக்கலாம். இந்தக் கரையின் சரித்திரத்தைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் தீரும். யுத்தம் கிழக்கில் 2007 வரை நடந்தது. அதற்கு நடுவில், 2004 டிசம்பர் 26இல் சுனாமி. நாட்டிலேயே கூடுதலாக உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் அதிகமானோர். மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில் என்று கரையோரம் முழுக்க வீடு வீடாகப் போனது. மட்டக்களப்பில் நாவலடியையும் கல்லடிக் கரையையும் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அன்று கைக்குழந்தையாக எஞ்சியவர்கள் இன்று இருபதைத் தாண்டிய இளைஞர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் அம்மம்மாவிடம் வளர்ந்தார்கள், ஒரு பகுதியினர் சிறுவர் இல்லங்களில் வளர்ந்தார்கள். வளர்த்த அம்மம்மாமார் பலர் இப்போது இல்லை. இல்லத்திலிருந்தவர்கள் பதினெட்டு வயதானதும் வெளியே வந்துவிட்டார்கள்.

இன்னொரு விஷயம் நம் பக்கத்துக்கே உரியது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தமிழரும் சரி முஸ்லிம்களும் சரி, வீட்டைப் பெண்பிள்ளைக்குத்தான் கொடுக்கிறோம். ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போவான். குடி என்னும் குலப்பிரிவும் தாய் வழியாகத்தான் வருகிறது. பெண்களுக்குப் பெரிய பாதுகாப்பைத் தந்த வழக்கம் இது, நல்ல வழக்கம். ஆனால் தாயும் இல்லாமல், அக்கா தங்கையும் இல்லாமல், கலியாணமும் ஆகாமல் இருக்கும் ஆணுக்கு இந்த ஒழுங்கில் ஒரு கூரை இல்லை. உடம்பு நன்றாக இருக்கும்வரை அது பெரிதாகத் தெரியாது. வேலை செய்யும் இடத்திலோ கூட்டாளி வீட்டு விறாந்தையிலோ படுத்துக்கொள்வான். வருத்தம் வந்து, “வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஓய்வெடுங்கள்” என்று டொக்டர் சொல்லும்போதுதான் அந்த வீடு எது என்ற கேள்வி வரும்.

இதெல்லாம் எப்படி ஒன்றோடொன்று பின்னுகிறது என்பதற்கு ஒரு நோயைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்: வாதக் காய்ச்சலால் வரும் இருதய வால்வு நோய். ஏழை வீடுகளிலும் நெருக்கமாகப் பிள்ளைகள் படுத்துறங்கும் இடங்களிலும் கூடுதலாகக் காணப்படும் நோய் இது. சின்ன வயதில், பெரும்பாலும் ஐந்துக்கும் பதினைந்துக்கும் இடையில், ஒரு பக்டீரியாத் தொண்டைநோ வருகிறது. சரியாக மருந்து எடுக்காவிட்டால் சிலருக்கு இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். மூட்டு வலி போய்விடும். ஆனால் அந்தக் காய்ச்சல் சில பிள்ளைகளின் இருதய வால்வில் வடுவை விட்டுப் போகிறது. திரும்பத் திரும்ப வந்தால் வடுவும் கூடும். அது திரும்ப வராமலிருக்க மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட வேண்டும். வால்வு ஏற்கெனவே பழுதானவர்களுக்கு அந்த ஊசி நாற்பது வயது வரைக்கும்கூடப் போகலாம்.

அந்த ஊசியைப் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். இடுப்பில் போடுவார்கள். மருந்து தடிப்பானது, உள்ளே போகும்போதே வலி தெரியும். அன்றைக்கு முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அது ஒரு நாள் லீவு. மேசன் வேலைக்குச் சீமெந்துக் கலவை சுமக்கும் பொடியனுக்கு ஒரு நாள் சம்பளம். இல்லத்தில் இருக்கும்வரை மேற்பார்வை செய்யும் ஐயாவோ அக்காவோ கிளினிக் கொப்பியைப் பார்த்துத் திகதி வந்ததும் கூட்டிக்கொண்டு போவார்கள். பதினெட்டு முடிந்து வெளியே வரும்போது அந்தக் கொப்பி ஒரு ஷொப்பிங் பேக்கில் சட்டைகளோடு கைக்கு வரும். அடுத்த திகதியை ஞாபகப்படுத்த ஆளில்லை. ஊசி ஒரு மாதம் தவறுகிறது, பிறகு இரண்டு மாதம், பிறகு அப்படியே விட்டுப்போகிறது. நெஞ்சில் வலி இல்லாததால் அவனும் சுகமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறான். சில வருடம் கழித்துப் படி ஏறினால் இளைக்கிறது. அப்புறம் படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால்தான் தூங்க முடிகிறது. அந்தக் கட்டத்தில் 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸில் (அதுவும் இலவசம்) கொண்டு போய்ச் சேர்க்கும்போது, அது அவசர சிகிச்சையாகிவிட்டது.

ஊசி மருந்துக்குப் பெரிய செலவில்லை. வால்வு மாற்றும் ஒப்பரேஷன் தனியார் ஆஸ்பத்திரியில் பல இலட்சம். இடையில் தவறியது, திகதி பார்த்துக் கூட்டிப்போகும் ஒரு ஆள்.

சரி, இப்போது அவசரம் வந்துவிட்டது. உதவ முன்வருபவர்கள் காசு சேர்க்கத் தொடங்குமுன் டொக்டரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, இது எந்த மாதிரி அவசரம்? இன்றைக்கா, இந்தக் கிழமையா, இந்த வருடத்துக்குள்ளா? இன்றைக்கே செய்ய வேண்டியதென்றால் அரச ஆஸ்பத்திரியே செய்யும், அல்லது செய்யக்கூடிய இடத்துக்கு மாற்றும். காசு கேள்வி பெரும்பாலும் எழுவது இன்றைக்கே என்பதற்கும் ஆறுதலாகச் செய்யலாம் என்பதற்கும் நடுவில், அதாவது காத்திருப்புப் பட்டியல் நீளம், ஆனால் நோய் அவ்வளவு காலம் காத்திருக்காது என்னும்போதுதான். அங்கேயும் பட்டியலில் முன்னே போடச் சொல்லி விசேட வைத்திய நிபுணர் எழுத முடியும். அதைக் கேட்க வேண்டும். பயத்தில் உடனே தனியாருக்கு ஓடுவதற்கு முன் கேட்க வேண்டும். குடும்பம் இருப்பவர்களில் யாராவது ஒரு மாமா இதைக் கேட்டுவிடுவார். இவனுக்காக யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது, என்ன செய்யப் போகிறார்கள்? வால்வு ஒடுங்கியிருந்தால் சிலருக்குக் காலில் உள்ள நாளத்தின் வழியாக ஒரு பலூனைக் கொண்டுபோய் விரித்தே சரிசெய்யலாம். நெஞ்சைத் திறக்கத் தேவையில்லை. அது முடியாதென்றால் வால்வைத் திருத்தலாம், அல்லது மாற்றலாம். மாற்றுவதில் இரண்டு வகை இருக்கிறது. உலோக வால்வு நீண்டகாலம் நிற்கும். ஆனால் இரத்தம் உறையாமலிருக்க வாபரின் என்ற மாத்திரையை வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும். இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் என்ற பரிசோதனையைச் சீராகச் செய்து மாத்திரையின் அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அளவு குறைந்தால் வால்வில் இரத்தம் கட்டும், கூடினால் உள்ளே இரத்தம் கசியும். விலங்கின் திசுவால் செய்யும் திசு வால்வுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் இளம் வயதில் வைத்தால் சீக்கிரம் தேய்ந்து, இன்னொரு ஒப்பரேஷன் தேவைப்படும். வழக்கமாக இளைஞர்களுக்கு உலோக வால்வைத்தான் யோசிப்பார்கள். மாதாமாதம் ஐஎன்ஆர் பார்க்க முடியாத வாழ்க்கை ஒருவனுடையதென்றால் அந்தக் கணக்கே மாறலாம். ஆகவே அவன் எங்கே தங்குகிறான், யார் பார்க்கிறார்கள், வேலை என்ன என்பதெல்லாம் டொக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டிய மருத்துவத் தகவல்கள்தான். வெட்கப்பட்டுக்கொண்டு “வீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள்” என்று பொய் சொல்லும் பொடியன்களும் உண்டு. கூட ஒருவர் இருந்து உண்மையைச் சொன்னால் நல்ல முடிவு எடுக்கலாம்.

ஒப்பரேஷனுக்கு இரத்தம் விலைக்கு வாங்க வேண்டும் என்று யாராவது சொல்லிக் காசு கேட்டால் நம்ப வேண்டாம். அரச ஆஸ்பத்திரிக்கு இரத்தம் தானமாக வருகிறது, நோயாளியிடம் அதற்குக் காசு வாங்குவதில்லை.

சிக்கலான இருதய ஒப்பரேஷனுக்குக் கொழும்புக்கோ கண்டிக்கோ அனுப்பினால் செலவு வேறு மாதிரி வளரும். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் மேல். ரயிலில் போனாலும் பஸ்ஸில் போனாலும் ஒரு நாள் அல்லது ஒரு இரவு முழுக்கப் பயணம். போய் இறங்கியதும் கிளினிக்கில் வேறொரு திகதி கொடுத்துத் திருப்பி அனுப்பலாம். மூச்சிளைக்கும் ஒருவன் அதைத் தனியாகச் செய்ய முடியாது. கூடப் போகிறவர் சிங்களம் தெரிந்தவராக இருப்பது மிக முக்கியம். 1987இன் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது. வாட்டில் அவசரமாக ஒன்றைக் கேட்டு விளங்கிக்கொள்ள வேண்டிய நேரத்தில் அந்தச் சட்டம் கைகொடுக்காமல் போவதுண்டு. “ஒப்பரேஷனுக்குச் சம்மதமா” என்று கேட்பதை விளங்காமலே கையெழுத்து வைப்பது எவ்வளவு பெரிய அநியாயம். பதினெட்டைத் தாண்டியவனுக்காக யாரும் கையெழுத்திடத் தேவையில்லை, அவன் கையெழுத்தே போதும். ஆனால் அவனுக்கு அதைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும்.

இனி அரச உதவிகள். பெரிய தொகைக்கு முதலில் பார்க்க வேண்டியது ஜனாதிபதி நிதியம். 1978இன் 7ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. இருதய ஒப்பரேஷன், சிறுநீரக மாற்று, புற்றுநோய் போன்றவற்றுக்கு நோயாளிகளுக்கு உதவுகிறது. முன்பு இதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். நம் பக்கத்து ஏழைகளுக்கு இது பெரிய ஆறுதல், ஆனால் பலருக்கு இன்னும் தெரியாது. மருத்துவ அறிக்கை, ஆஸ்பத்திரியின் செலவு மதிப்பீடு, வருமான விபரம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் எல்லாம் வேண்டும். முழுச் செலவையும் தருவார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பகுதியைத் தாங்கும்.

அடுத்தது ஊழியர் நம்பிக்கை நிதியம். கடையிலோ கொம்பனியிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை செய்தவனென்றால், முதலாளி அவன் பேரில் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்று வீதம் அங்கே கட்டியிருக்க வேண்டும். அங்கத்தவருக்கு இருதய ஒப்பரேஷனுக்கும் சிறுநீரக மாற்றுக்கும் உதவி உண்டு. கூலி வேலை செய்தவன் பேரில் பெரும்பாலும் யாரும் கட்டியிருக்க மாட்டார்கள், அதனால் அவனுக்கு இது கிடைப்பது அரிது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். அவரைப் பார்ப்பது நல்லது. தொகை பெரிதாக இல்லாவிட்டாலும், மற்ற வாசல்கள் எது என்று சொல்லக்கூடியவர் அவர்.

இந்த வாசல்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தடை இருக்கிறது. கடதாசி. கிராம உத்தியோகத்தர் ஒருவர் வதிவிடத்தை உறுதிப்படுத்த வேண்டுமென்றால் அந்தப் பிரிவின் வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லத்தில் வளர்ந்து, பிறகு ஏறாவூரில் ஆறு மாதம், கல்முனையில் ஒரு வருடம் என்று வேலைக்காக அலைந்தவனின் பெயர் எந்த வீட்டு இடாப்பில் இருக்கும்? பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லாமலும் சிலர் இருக்கிறார்கள். “குடும்ப வருமானம்” என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர்களும் உண்டு. “ஆரும் இல்லையா மனே உனக்கு?” என்று பக்கத்தில் நின்றவர்கள் இரக்கத்தோடு கேட்பதே சிலருக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. அவன் வளர்ந்த இல்லத்திலிருந்து ஒரு கடிதம், கடைசியாக வேலை செய்த முதலாளியிடமிருந்து ஒரு கடிதம், இரண்டையும் எடுத்துக்கொண்டு ஊரில் மதிப்புள்ள ஒருவர் கூடவே போனால், பெரும்பாலான உத்தியோகத்தர்கள் வழி பார்ப்பார்கள். நோய் வந்த பிறகு இந்தக் கடதாசிகளைத் தேடுவதில் போகும் நாட்கள்தான் உண்மையில் மிகவும் விலையானவை.

அப்புறம் ஊர்க்காசு. நம் பக்கத்து மனிதர்கள் கொடுப்பதில் குறைந்தவர்கள் இல்லை. கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசலின் ஸகாத் நிதி, தேவாலயம், பழைய மாணவர் சங்கம், சுவிஸிலும் கனடாவிலும் இருக்கும் ஊர்ச்சனம் என்று கைகள் நிறைய இருக்கின்றன. பிரச்சினை, குடும்பமில்லாதவனின் பெயரால் சேரும் காசுக்குக் கணக்குக் கேட்க வீட்டு ஆள் இல்லை என்பதுதான். ஆகவே சேர்ப்பவர்களே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நோயாளியின் சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கட்டும், இல்லாவிட்டால் இரண்டு பேர் கையெழுத்திட்டு எடுக்கும் கணக்காக இருக்கட்டும். ஆஸ்பத்திரிக் கட்டணத்தை ஆஸ்பத்திரிக்கே நேரடியாகக் கட்டிப் பற்றுச்சீட்டை எல்லாருக்கும் காட்ட வேண்டும். தேவையான தொகை சேர்ந்ததும் நிறுத்திவிட்டதாக அறிவிக்க வேண்டும். பழைய செய்தி வருடக் கணக்காகச் சுற்றிக்கொண்டே இருந்தால் அடுத்த உண்மையான நோயாளியை யாரும் நம்ப மாட்டார்கள். மிச்சக் காசு என்ன ஆகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழாய் செருகி, சட்டையில்லாமல் கட்டிலில் கிடக்கும் படத்தைப் போட்டால் காசு வேகமாக வருகிறது என்பது உண்மைதான். சுகமாகி வந்த பிறகு அவன் இதே ஊரில் வேலை கேட்டு நிற்க வேண்டும், பெண் கேட்டு நிற்க வேண்டும். அந்தப் படம் யாரோ ஒருவரின் போனில் இருந்துகொண்டே இருக்கும். அவனிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். மயக்கத்தில் இருந்தால் போடாமலே இருங்கள். முகம் தெரியாமல், நோய் விபரம் எழுதிய டயக்னோசிஸ் கார்டையும் மதிப்பீட்டுக் கடிதத்தையும் நம்பகமானவர்களுக்குக் காட்டினாலே போதும்.

காசு சேர்ப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பரேஷன் முடிந்ததும் நின்றுவிடுகிறார்கள். செலவு அங்கே நிற்பதில்லை. நெஞ்செலும்பைத் திறந்து செய்த ஒப்பரேஷனுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்குப் பாரம் தூக்க முடியாது. அந்த மாதங்களுக்கு ஒரு அறை, மூன்று நேரச் சாப்பாடு, கிளினிக்குக்கு ஓட்டோக் காசு வேண்டும். மேசன் வேலைக்குத் திரும்ப முடியாமல் போகலாம். உட்கார்ந்து செய்யக்கூடிய ஒரு வேலையைப் பழக வேண்டி வரும். போன் திருத்துவது, தையல், கடைக் கணக்கு என்று எதுவானாலும் அதற்கும் கொஞ்சம் காசும் காலமும் வேண்டும். வாபரின் எடுப்பவன் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, வேறு மருந்து எதையும் கேட்காமல் விழுங்கக் கூடாது, பல் பிடுங்கப் போனால் வால்வு வைத்திருப்பதைச் சொல்ல வேண்டும். பென்சிலின் ஊசியும் நிற்காது. தனியே அறையில் இருப்பவனுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க ஒருவர் தேவை. பத்து இலட்சம் சேர்க்க ஓடும் ஒரு குழு, அதில் ஒரு பகுதியை இந்த மாதங்களுக்கென்று ஒதுக்கி வைத்தால், செய்த ஒப்பரேஷன் வீண் போகாது.

இல்லங்களை நடத்துபவர்களும் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களமும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. நீண்டகால நோயுள்ள ஒரு பிள்ளை பதினெட்டில் வெளியே போகும்போது, கிளினிக்கை அவன் போகும் ஊர் ஆஸ்பத்திரிக்கு எழுத்தில் மாற்றிக் கொடுக்கலாம். களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று ஆதார வைத்தியசாலைகள் கரை முழுக்க இருக்கின்றன. ஊசியை அங்கேயே போட்டுக்கொள்ளலாம். அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பத்திரம், வாக்காளர் பதிவு மூன்றையும் கையில் கொடுத்து அனுப்பலாம். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில், ஒரு பெயரும் போன் நம்பரும் எழுதிக் கொடுக்கலாம். அந்த நபர் மாதம் ஒருமுறை ஊசித் திகதிக்கு முதல் நாள் அவனுக்கு ஒரு கோல் எடுக்க வேண்டும்.